பாடம் நடத்தாமல் பிறந்த பல்கலைக்கழகம்

சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் 'மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி' என்று ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும். மெட்ரிகுலேஷன் என்றால் என்ன என்று அங்கே படிக்கும் பிள்ளையைக் கேட்டால் 'இங்கிலீஷ் மீடியம்' என்பான். பெற்றோரைக் கேட்டால் 'கவர்மென்ட் ஸ்கூலைவிடக் கொஞ்சம் ஒசத்தி' என்பார்கள். உண்மையில் அது ஒரு தேர்வின் பெயர். பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் எழுதித் தேற வேண்டிய நுழைவுத் தேர்வு அது. அதை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். அந்தப் பெயரைச் சுமந்த பள்ளிகள் 1970களின் பிற்பகுதி வரை சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில்தான் இருந்தன. பிறகு அரசு தனி வாரியம் அமைத்து எடுத்துக்கொண்டது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்ததும் தனிப் பாடத்திட்டமும் போயிற்று. தேர்வும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. பலகை மட்டும் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு முழுவதையும் அந்தப் பலகையிலிருந்தே படித்துவிடலாம். இது பாடம் நடத்துவதற்காகப் பிறந்த நிறுவனம் அல்ல, தேர்வு நடத்துவதற்காகப் பிறந்தது. ஊருக்கு இது தந்த பெரிய கொடைகள் எல்லாம் அந்த எல்லையை மீறியபோது கிடைத்தவை. இன்று இதைப் பிடித்து ஆட்டும் பணக் கஷ்டமோ அந்தப் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

70,000 கையெழுத்து

1839 நவம்பர் 11 அன்று, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன், ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். உயர்கல்விக்கு ஓர் ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்பது கோரிக்கை. அடியில் சுமார் 70,000 பேரின் கையெழுத்து. தொலைபேசியும் ரயிலும் இல்லாத காலத்தில் இத்தனை பேரிடம் தாளைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது லேசான வேலையா என்ன? பல்கலைக்கழகத்தின் வரலாற்றை லண்டன் உத்தரவிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த மனுவை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஊர் கேட்டது, அதன் பிறகுதான் அரசு அசைந்தது.

1840 ஜனவரியில் நார்ட்டன் தலைமையில் ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு அது திறந்தது பல்கலைக்கழகத்தை அல்ல, ஒரு ஹைஸ்கூலை. கேம்பிரிட்ஜில் படித்த ஏர் பர்ட்டன் பவல் அதற்குத் தலைமை ஏற்றார். அதுதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. ஆக, பல்கலைக்கழகத்துக்கு முன்பே அதன் கல்லூரி வந்துவிட்டது.

1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5இல் சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் ஒரே ஆண்டில் சட்டமாயின. வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம்.

நோக்கம் என்ன என்பதைச் சட்டத்தின் முகவுரை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர்கள் யார் என்பதைத் தேர்வு வைத்துக் கண்டறிந்து, அவர்களுக்குப் பட்டம் கொடுப்பது. அவ்வளவுதான். கற்பிப்பது என்ற சொல் அதில் கிடையாது. வகுப்பறை, வாத்தியார், ஆய்வகம், விடுதி எதுவும் வேண்டாம். மிஷனரிகளின் கல்லூரி, அரசின் கல்லூரி, பச்சையப்பர் அறக்கட்டளை போல ஊர்க்காரர் பணத்தில் நடந்த கல்விச்சாலை என்று பாடம் நடத்துபவர்கள் தனித்தனியே இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு வேண்டியதெல்லாம் வினாத்தாள், தேர்வாளர், பதிவாளர், முத்திரை. செலவு தேர்வுக் கட்டணத்தில் ஓடும். அரசுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடைக்காது.

முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். சென்னை மாகாணத்துக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் பட்டங்கள் கடல் கடந்து போயின என்பதில் வியப்பில்லை. தேர்வு மட்டும் வைக்கும் நிறுவனத்துக்கு மாணவர் எங்கே படித்தார் என்பது பொருட்டே இல்லை. வட்டுக்கோட்டையில் படித்துச் சென்னையில் எழுதலாம். தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பியம், கலித்தொகை என்று ஏட்டிலிருந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தார். அந்தப் படிப்பு பல்கலைக்கழகம் கொடுத்தது அல்ல.

கடற்கரையில் ஒரு மண்டபம்

வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கூரை வேண்டுமே. தேர்வு எழுதவும் பட்டம் வழங்கவும் பெரிய கூடம் தேவைப்பட்டது. சேப்பாக்கத்தில் நவாபின் பீரங்கிப் படை இருந்த இடத்தில் ராபர்ட் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. நான்கு மூலையிலும் கோபுரம், வெங்காயக் குமிழ், வண்ணக் கண்ணாடி, உள்ளே சுமார் 130 அடி நீளமும் 54 அடி உயரமும் உள்ள கூடம். பக்கத்தில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனையின் சாயலை வாங்கி, பைசாண்டிய வளைவுகளோடு கலந்தார் சிஷோம். இந்தோ சாரசெனிக் பாணிக்கு இந்தியாவிலேயே முந்திய உதாரணங்களில் இது ஒன்று.

தேர்வுக்காகக் கட்டிய கூடம் ஊருக்கு வேறு விதமாகவும் உதவியது. 1937 ஜூலையில், தேர்தலில் வென்ற முதல் சென்னை சட்டமன்றப் பேரவை கூடியது இங்கேதான். அந்த ஆண்டு டிசம்பர் வரை இங்கே இருந்துவிட்டுப் பிறகு இன்று ராஜாஜி ஹால் என்று சொல்லும் மண்டபத்துக்கு இடம் மாறியது. பல்கலைக்கழகத்தின் 150ஆவது ஆண்டை ஒட்டிக் கட்டடம் பழுதுபார்க்கப்பட்டது.

75 ரூபாய்

தேர்வு இயந்திரம் எப்படி வேலை செய்தது, எங்கே உடைந்தது என்பதை ஒரே ஒருவரை வைத்துக் காட்டிவிடலாம்.

அன்று மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் இரண்டாண்டு படித்து எழுதும் தேர்வு எஃப்.ஏ. இதில் எல்லாப் பாடமும் கட்டாயம். ஒன்றில் தவறினால் மொத்தமும் போச்சு. தவறிய பாடத்தை மட்டும் 'அரியர்' வைத்து எழுதும் இன்றைய சலுகை அன்று கிடையாது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்த சீனிவாச ராமானுஜன் ஆங்கிலத்தில் விழுந்தார், உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதினார். கணக்கில் குறை இல்லை, உடலியல் காலை வாரியது. மறுபடி எழுதியும் அதே கதை. பட்டம் இல்லாமலே வெளியே வந்து, 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் ஆனார்.

இந்தத் தோல்வியில் தேர்வாளர் மேல் பிழை சொல்ல முடியாது. விதிப்படி திருத்தினார்கள், விதிப்படி விழுந்தார். யார் என்ன தேறியிருக்கிறார்கள் என்பதைக் கண்டறியத்தான் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். ஒருவரால் என்ன முடியும் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

1904இல் வந்த இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இதில் ஒரு சிறிய கதவைத் திறந்திருந்தது. பல்கலைக்கழகங்கள் பேராசிரியர்களை அமர்த்தலாம், கற்பிக்கலாம், ஆய்வை வளர்க்கலாம் என்று அதில் சேர்த்தார்கள். 1913 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியின் கடிதம் வந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டுப் பதிவாளருக்கு எழுதினார். ஆய்வு உதவித்தொகை தரலாமா என்ற பேச்சு எழுந்தபோது, முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு விதியில் இடமில்லையே என்ற ஆட்சேபமும் எழுந்தது. ஆய்வை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமை என்று சட்டமே சொல்லும்போது விதி குறுக்கே நிற்கலாமா என்ற வாதத்தை வைத்தவர் நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர். வாதம் எடுபட்டது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. எஃப்.ஏ. தேறாதவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஆனார். 1914இல் கேம்பிரிட்ஜ் போனபோது ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான்.

அவர் இறந்தபின் நோட்டுகள் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. மனைவி ஜானகி அம்மாளுக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம். செனட் ஹவுஸிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் நிகழ்த்திய அற்புதமாக இந்த 75 ரூபாயைப் பேசுகிறவர்கள் இந்த 20 ரூபாயையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு நேராகும்.

அகராதி, நூலகம், தோல்

1904க்குப் பின் திறந்த கதவு வழியாக ஊருக்குக் கிடைத்த மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தமிழ் லெக்சிகன். 1913இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியை விரித்துப் புதுப்பிப்பது திட்டம். ஐந்தாண்டில், ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று போட்ட கணக்கு, கால் நூற்றாண்டும் நான்கு லட்சத்துக்கு மேலும் பிடித்தது. ஏன் தாமதம் என்பதற்கு விடை, வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதினால் போதாது, அந்தப் பொருளில் அது ஆளப்பட்ட இடத்தை நூலிலிருந்து காட்ட வேண்டும். அந்த நூல்களிலோ பல அப்போதுதான் ஏட்டிலிருந்து அச்சேறிக்கொண்டிருந்தன. நல்ல பதிப்பு வரவர, முடித்த பதிவையும் திருத்த வேண்டிவரும். 1926இல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக வந்தபின் வேகம் பிடித்தது. 1936க்குள் ஆறு தொகுதிகள், 1,04,405 சொற்கள். பிறகு வந்த அனுபந்தத்தில் இன்னும் 13,357. வையாபுரிப்பிள்ளையின் கால ஆராய்ச்சியோடு சண்டை போட்டவர்கள்கூட சந்தேகம் வந்தால் இந்த அகராதியைத்தான் புரட்டினார்கள். இன்றும் இணையத்தில் தமிழ்ச் சொல் தேடுபவர்களுக்குக் கைகொடுப்பதில் இதற்கு முதலிடம்.

இரண்டாவது, நூலகம். 1924இல் முதல் நூலகராக அமர்ந்தவர் மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன். அன்றைய நூலகத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றினார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியை விளக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே பட்டைகள், அதே போல்ட்டுகள், ஆனால் சேர்க்கும் விதத்தில் விதவிதமான பொம்மை. நூலின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளி போட்டுக் கோத்தால் எந்தப் புதிய துறைக்கும் எண் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதுதான் கோலன் வகைப்பாடு. சென்னைப் பல்கலைக்கழக நூல்களின் மேலேயே அதைச் சோதித்து, 1933இல் வெளியிட்டார். வாசகர் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கும் முறையை எடுத்துவிட்டு, நேரே அலமாரிக்குப் போக விட்டார். புழக்கம் கூடியது.

இது பல்கலைக்கழகச் சுவரோடு நிற்கவில்லை. ரங்கநாதன் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்க முன்நின்றார். அவர் விடாமல் எழுதி, மசோதா வரைந்து, கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழிசெய்தது. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலகத்துக்கென்று ஒரு தொகை தனியே இருக்கும். கிளை நூலகத்து நாற்காலிக்கும் நாளிதழுக்கும் போகும் அந்தப் பணத்துக்கு வேர் சேப்பாக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது, கிண்டி. 1952இல் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், சர் சி. வி. ராமனின் பரிந்துரையில், முப்பதை எட்டாத ஜி. என். ராமச்சந்திரனை இயற்பியல் துறைத் தலைவராக்கினார். என்ன ஆய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவரிடம், தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னவர் சென்னை வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னல். நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சென்னையைச் சுற்றிப் பதனிடும் தொழில் பெருகியிருந்ததால் இங்கே வந்த நிலையம் அது. அங்கிருந்த ஒய். நாயுடம்மா வழியாகக் கங்காரு வால் தசைநாண்கூடக் கிடைத்தது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழை முறுக்கிய அமைப்பை வெளியிட்டார்கள். 1963இல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்று உலகெங்கும் புரத அமைப்பைச் சரிபார்க்கும் முதல் சோதனை. தோல் தொழில் உள்ள ஊர், தோல் ஆராய்ச்சி நிலையம், அதன் அருகே ஓர் இயற்பியல் துறை. ஊரோடு உறவு என்று பெரிதாகத் திட்டம் போடாமலே இப்படி நடந்தது.

சுருங்கி வந்த எல்லை

சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் நகரப் பல்கலைக்கழகம் அல்ல. ஒரிசா எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை, மைசூர், திருவிதாங்கூர் சமஸ்தானங்கள், இலங்கை என்று அதன் தேர்வு எல்லை விரிந்திருந்தது. சுருங்கிச் சுருங்கித்தான் அது ஊர்ப் பல்கலைக்கழகம் ஆனது. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரம், 1929இல் அண்ணாமலை, 1937இல் திருவிதாங்கூர், 1954இல் திருப்பதி, 1966இல் மதுரை, 1982இல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன், 2002இல் வேலூரில் திருவள்ளுவர். நிலம் போனது ஒருபக்கம். படிப்பும் துறைதுறையாகப் போனது: வேளாண்மை, பொறியியல், மருத்துவம், கால்நடை, சட்டம், ஆசிரியர் கல்வி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது மிஞ்சியிருப்பது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள். அதோடு சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி வளாகங்களில் உள்ள சொந்தத் துறைகள், சேத்துப்பட்டு விளையாட்டுத் திடல், மதுரவாயல் தாவரவியல் களம்.

27 ஆண்டுகள், 1942 முதல் 1969 வரை, லட்சுமணசாமி முதலியார் ஒருவரே துணைவேந்தராக இருந்தார். இன்று நினைத்தே பார்க்க முடியாத காலம். சொந்தத் துறைகள் பல உருவானதும் அந்தக் காலத்தில்தான்.

மதிப்பெண்ணும் தாளும்

பெரும்பாலான சென்னைக் குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகம் என்பது கிண்டி ஆய்வகம் அல்ல, ஹால் டிக்கெட்டும் மார்க் ஷீட்டும்தான். இந்த இடத்தில் என்ன தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்வது நல்லது.

இளநிலையில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். கல்லூரி போடும் அக மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேற 40 வேண்டும். இதைக் கேட்டுவிட்டுப் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். மொத்தத்தில் 40 மட்டும் அல்ல, எழுத்துத் தேர்விலும் 40 சதவீதம் வேண்டும், அதாவது 75க்கு 30. அக மதிப்பீட்டில் 25க்கு 25 வாங்கி, தேர்வில் 29 எடுத்தவர் மொத்தம் 54 எடுத்தும் தவறியவர். மாறாக, அகத்தில் 10ம் தேர்வில் 30ம் எடுத்தவர் சரியாக 40இல் தேறிவிடுவார். கல்லூரிகள் அக மதிப்பெண்ணைத் தாராளமாக அள்ளிப் போடுவதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. 1857இன் புத்தி இன்னும் போகவில்லை பாருங்கள்: பாடம் நடத்துபவன் போடும் மார்க்கை நம்பாதே, நாங்கள் அளந்து பார்க்கிறோம்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் கதை வேறு. 1978இல் லயோலா, விவேகானந்தா, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றபோது பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தல், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கல்லூரிக்கே போனது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். ஆகவே இவர்கள் வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ சான்று சரிபார்க்கப் போகும்போது இரண்டு கதவைத் தட்ட வேண்டும். மதிப்பெண்ணுக்குக் கல்லூரி, பட்டத்துக்குச் சேப்பாக்கம். இது தெரியாமல் ஒரே இடத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம்.

அடுத்த சிக்கல், புரொவிஷனலையே பட்டம் என்று நினைத்துவிடுவது. இறுதிப் பருவ முடிவு வந்ததும் கையில் கிடைப்பது தற்காலிகச் சான்றிதழும் ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியலும். உண்மையான பட்டச் சான்று பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான். அதற்குத் தனிக் கட்டணம், தனி விண்ணப்பம். உள்ளூர் வேலைக்குப் புரொவிஷனல் போதுமாக இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு ஆண்டு கழித்து விசாவுக்காக அசல் பட்டம் கேட்கும்போதுதான் வாங்கவே இல்லை என்பது நினைவுக்கு வரும். படித்த உடனே கட்டணத்தைக் கட்டிவைப்பதுதான் மலிவு.

பெரும்பாலோரை அலைய விடுவது இனிஷியல். பிளஸ் டூ சான்றில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சண்முகம்', பட்டத்தில் 'கார்த்திக் எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், தூதரகத்துக்கு மூன்று ஆள். பட்டம் அச்சாகிவிட்டால் திருத்துவது கஷ்டம். பள்ளிச் சான்றில் உள்ள பெயர்தான் பல்கலைக்கழகத்தின் மூலம் என்பதால், மாற்ற வேண்டியதை அரசிதழில் அறிவித்துக் கல்லூரியில் சேரும்போதே சரிசெய்துகொள்வது உத்தமம்.

கட்டணத்தில் ஓடிய வண்டி

இப்போது பணத்துக்கு வருவோம். தேர்வுக் கட்டணத்தை நம்பித் தொடங்கிய நிறுவனம், சொந்தத் துறைகள், நூலகங்கள், ஆய்வகங்கள் என்று வளர்ந்தது. செலவு கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் செலவாக மாறியது. வருமானமோ தேர்வு நடத்துபவரின் வருமானமாகவே நின்றது. எல்லை சுருங்கச் சுருங்கக் கட்டணம் கட்டும் மாணவர் குறைந்தார்கள். நல்ல கல்லூரிகள் தன்னாட்சி பெறப்பெற அவற்றின் தேர்வுக் கட்டணமும் போனது. ஒரு கல்லூரி தரத்தில் உயர்வது பல்கலைக்கழகக் கஜானாவுக்கு நட்டம் என்ற விசித்திரமான ஏற்பாடு இது.

1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி இந்தப் பள்ளத்தை நெடுநாள் நிரப்பியது. வேலை பார்த்துக்கொண்டே படித்த குமாஸ்தா, இல்லத்தரசி, காவலர் என்று பலருக்கு அது பட்டம் தந்தது. பல்கலைக்கழகத்துக்குக் காசு தந்தது. வெளிமாநிலங்களில் படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்பாடு கொண்டுவந்தது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போட்டிக்கு வந்தது, அந்த ஊற்றும் வற்றியது. மறுபக்கம் ஓய்வூதியம். 160 ஆண்டு தாண்டிய நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர்களின் பட்டியல் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அரசு மொத்தமாகத் தரும் நிதியான தொகுப்பு நல்கையோ அனுமதித்த பணியிடங்களைப் பார்த்து, தணிக்கை ஆட்சேபணைகளைக் கழித்துக்கொண்டு வரும்.

இதன் மேல் ஒரு வரி விதி வந்து உட்கார்ந்தது. அரசு கணிசமாக நிதி தரும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. கணிசம் என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் என்று விதி அளவு வைத்தது. பல்கலைக்கழகத்தின் வரவில் அரசு நல்கை பாதியைத் தொடவில்லை. சொந்தமாகக் கட்டணம் வசூலித்து ஓடியதே வினையாயிற்று. 424 கோடி ரூபாய் வரி நிலுவை என்று சொல்லி 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் தடுமாறின. அரசு பாதிக்கு மேல் கொடுத்திருந்தால் இந்த வரியே வந்திருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்கையைக் குறைத்து மிச்சம் பிடித்த பணம் வரிக் கோரிக்கையாகத் திரும்பி வந்தது.

தலைமை நாற்காலியும் 2023இல் காலியானது. அந்த ஆண்டு தேசியத் தர மதிப்பீட்டில் மிக உயர்ந்த தரமான ஏ பிளஸ் பிளஸ் கிடைத்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று வேந்தரான ஆளுநர் நாலு பேர் குழு அமைத்தார். பல்கலைக்கழகச் சட்டத்தில் மூவர்தான் என்று அரசு மானியக் குழுப் பிரதிநிதி இல்லாத குழுவை அறிவித்தது. இரண்டு குழுவுமே தேடவில்லை. ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அன்றாட வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. நீண்டகால முடிவுகளை எடுக்க ஒருங்கிணைப்புக் குழு தயங்கும். ஆசிரியர் ஓய்வு பெற்ற இடம் அப்படியே கிடக்கும், ஆய்வு மாணவருக்கு வழிகாட்டி கிடைக்கமாட்டார்.

இத்தனைக்கும் நடுவில், ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படுவது 2010இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழக இலவசக் கல்வித் திட்டம். இணைவு பெற்ற கல்லூரிகளில் சில இளநிலை இடங்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கப்படுகின்றன. பல்கலைக்கழக எல்லைக்குட்பட்ட மாவட்டங்களில், அந்த ஆண்டே பிளஸ் டூ தேறியவராக இருக்க வேண்டும், குடும்ப வருமானம் அறிவிப்பில் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இல்லாதவர், கைம்பெண்ணின் பிள்ளை, குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகியோருக்கு முன்னுரிமை. சறுக்குவது பெரும்பாலும் தேதியில். பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பம் மூடிவிடும். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் வாங்க அதைவிட அதிக நாள் பிடிக்கும். தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் இரண்டுக்கும் மனுப் போட்டு வைத்தவர்கள் முடிவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுகிறார்கள்.